தும்பையா, வேறயா? செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். விற்பது மாங்கன்றும் ரோஜாவும்தான். ஆனால் ஆவணி பிறந்துவிட்டால் வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு காட்டுச்செடியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது தும்பைதானே?" என்று நிற்பார்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து ஆட்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். ஒரே பதிலைப் பல வருஷமாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

தும்பைன்னா எப்படி இருக்கும்? ஒரே வரியில சொல்லுங்க.

முழங்காலைத் தாண்டாத செடி. தண்டு சதுரம், இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிர், கணுவைச் சுற்றிப் பந்து போல் பச்சைக் கூடுகள், அந்தக் கூடுகளிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூ.

ஒரு வரி போதாது என்றால் இன்னும் கொஞ்சம். உயரம் 15 முதல் 60 செ.மீ. வரை. இலை நீளமாக, ஒடுங்கி, நுனி மழுங்கி இருக்கும், 8 செ.மீ. நீளம் போனாலும் அகலம் ஒரு விரலைத் தாண்டாது. செடி முழுக்க மயிர் இருப்பதால் தொட்டால் சொரசொரப்பு. தாவரவியல் பெயர் லூக்காஸ் ஆஸ்பெரா. முதல் பாதி கிரேக்கத்தில் வெள்ளை, இரண்டாம் பாதி லத்தீனில் சொரசொரப்பு. நம்மூர் ஆள் யாராவது பெயர் வைத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

தண்டு சதுரம்னு கண்ணுல பார்த்தா தெரியலையே?

கண்ணால் பார்க்காதீர்கள், விரலால் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டை வைத்து மெதுவாக உருட்டுங்கள். உருண்டைத் தண்டு வழுக்கிக்கொண்டு ஓடும். சதுரத் தண்டு பென்சில் மாதிரி தடக் தடக்கென்று தட்டித் தட்டித் திரும்பும். அடித்தண்டு முற்றியிருந்தால் மூலை மழுங்கிப் போயிருக்கும், அதனால் மேலிருந்து இரண்டாவது மூன்றாவது கணுவுக்கு நடுவில் பாருங்கள்.

தண்டின் நான்கு மூலையிலும் தாங்கு திசு கட்டாக ஓடுவதால்தான் இந்த வடிவம். வீட்டில் புதினாக் கட்டு இருந்தால் ஒரு குச்சியை உருட்டிப் பாருங்கள், அதே தட்டல் கிடைக்கும். தும்பையும் புதினா குடும்பம்தான்.

புதினா குடும்பம்ங்கிறீங்க, கசக்கினா புதினா வாசமே வரலையே?

வராது. ஒரே குடும்பம் என்றால் ஒரே வாசம் என்று அர்த்தமில்லை. தும்பை இலையைக் கசக்கினால் லேசான காரமான பச்சை வாடை வரும், அவ்வளவுதான். புதினா, துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் இதே குடும்பம், ஒவ்வொன்றுக்கும் வாசம் வேறு வேறு.

குடும்பத்தைச் சேர்த்து வைப்பது பூவும் காயும்தான். பூ, மேலுதடு கீழுதடு என்று இரண்டாகப் பிளந்திருக்கும். இந்தக் குடும்பத்தின் பழைய லத்தீன் பெயரே உதட்டை வைத்துத்தான் வந்தது. பூ உதிர்ந்த பிறகு கூட்டுக்குள் பெரும்பாலும் நாலு விதை உட்கார்ந்திருக்கும். உலகம் முழுக்கச் சுமார் 7,000 இனங்கள் இதில் உண்டு.

தேக்கும் இதே குடும்பம்னு என் பையன் சொல்றான். கிண்டல் பண்றானா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறான். தேக்கு, நொச்சி, குமிழ் எல்லாம் முன்பு உண்ணிச்செடி இருக்கும் குடும்பத்தில் இருந்தவை. 1990-களில் உறவுமுறையைத் திரும்ப ஆராய்ந்து புதினா குடும்பத்துக்கு மாற்றினார்கள். தென்மலைக்குப் போகும் வழியில் தேக்கங்கன்று கண்ணில் பட்டால் இளங்கிளையைத் தொட்டுப் பாருங்கள். சதுரம்தான், இலையும் எதிரெதிர்தான். முழங்கால் உயரத் தும்பைக்கு அவ்வளவு பெரிய அண்ணன்!

எந்த மாசம், எங்க தேடணும்?

வெயில் படும் வெட்டவெளியில். வரப்பு, தரிசு, ரயில்பாதை ஓரம், அறுவடை முடிந்த புஞ்சை. நிழலுக்குள் போய்த் தேடினால் கிடைக்காது. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பார்க்க எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கார் கட்டி வருகிறார்களே, அவர்கள் நின்று செல்ஃபி எடுக்கும் வரப்பில் காலடியிலேயே தும்பை இருக்கும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எங்கள் பக்கம் ஆடிச் சாரலில் முளைத்தது ஆவணியில் பூக்கும். ஐப்பசி மழைக்கு மறுபடி ஒரு சுற்று முளைத்துத் தை வரை நிற்கும். ஓராண்டுச் செடி, விதை உதிர்ந்ததும் காய்ந்துவிடும், அடுத்த மழைக்கு அந்த விதை முளைக்கும்.

சின்ன வயசுல பூவப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவோமே, அதே செடிதானா?

அதேதான். நீங்கள் அப்போது செய்ததுதான் இன்றைக்கும் நல்ல பரிசோதனை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பூவின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கழன்று வரும். நீளம் ஒரு செ.மீ. இருக்கும். பின்பக்கம் மெல்லிய குழல், அதன் அடியில்தான் அந்த ஒரு துளி இனிப்பு. முன்பக்கம் இரண்டு உதடு. மேலுதடு குல்லா மாதிரி குவிந்து, அதன் முதுகு முழுக்க வெள்ளைப் பஞ்சு ரோமம். கீழுதடு அதைப் போல் இரண்டு மடங்கு நீளம், மூன்று மடல், நடுமடல் பெரிசு. குல்லாவை நகத்தால் நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே நாலு மகரந்தக் கம்பிகள், இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. தேனீ கீழுதட்டில் வந்து உட்கார்ந்து தலையை உள்ளே விடும்போது மேலிருந்து மகரந்தம் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பூவைக் கீழே போட்டுவிட்டு, செடியில் மிச்சமிருக்கும் பச்சைக் கூட்டைப் பாருங்கள். புல்லிவட்டம் என்று பாடப்புத்தகத்தில் இருக்குமே, அது. தும்பையின் அடையாளம் பூவில் இருப்பதைவிட இந்தக் கூட்டில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. லேசாக வளைந்த குழல். விதை இருக்கும் இடத்துக்கு மேலே கழுத்து நெரித்த மாதிரி ஒடுங்கும். வாய் நேராக இல்லாமல் சாய்வாக வெட்டினாற்போல் இருக்கும், விளிம்பில் பல், மேல்பக்கப் பல் மட்டும் நீளம். கூடுகளுக்கு நடுவே ஊசி போல் ஒல்லியான, மயிர் வைத்த செதில்கள் இருக்கும். இந்தக் கூடு மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வெள்ளைப் பூ, சதுரத் தண்டு, எதிர் இலை எல்லாம் சரியா இருக்கு. ஆனா புனலூர் ஆச்சி "இது தும்பை இல்ல"ங்கிறா. ஏன்?

ஆச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். நர்சரி தொடங்கிய புதிதில் ஒரு வீட்டுக்காரர் ஓணத்துக்குத் தும்பை கேட்டார் என்று அதிகாலையில் போய் ஒரு பை நிறையப் பறித்து, முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். பை அப்படியே திரும்பி வந்தது. உள்ளே இருந்தது நத்தைச்சூரி. அந்த வீட்டுப் பாட்டி சிரித்த சிரிப்பை இன்னும் போனில் சொல்லிக் காட்டுவார்கள்.

நத்தைச்சூரியும் தரையோடு கிடக்கும், தண்டு நாலு மூலை, இலை எதிரெதிர், கணுவில் கொத்தாக வெள்ளைப் பூ. ஆனால் அது காப்பிச் செடியின் குடும்பம். வித்தியாசம் இரண்டே. ஒன்று, பூவுக்கு உதடு கிடையாது, நாலு இதழும் நட்சத்திரம் மாதிரி சமமாக விரியும். இரண்டு, எதிரெதிர் இலைகளின் அடியைச் சேர்த்து ஒரு சின்னச் சவ்வு இருக்கும், அதன் விளிம்பில் முள்மயிர் வரிசை. தும்பைக்கு அந்தச் சவ்வு கிடையவே கிடையாது. அந்த அதிகாலை இருட்டில் நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

சரி, உதடும் இருக்கு, சதுரமும் இருக்கு. அப்ப கண்டிப்பா புதினா குடும்பம்தானே?

அவசரப்படாதீர்கள். நிலவேம்பைப் பாருங்கள். தண்டு நல்ல சதுரம், இலை எதிரெதிர், பூ இரண்டு உதடு, வெள்ளை நிறம். ஆனாலும் அது கனகாம்பரத்தின் குடும்பம். பூவின் உதட்டில் ஊதாக் கறை இருக்கும், பூக்கள் பந்தாகச் சேராமல் கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும். இலையைக் கடித்தால் கசப்பு தலைக்கு ஏறும்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் காயைப் பாருங்கள். நிலவேம்பின் காய் ஒல்லியான நெற்று, முற்றினால் இரண்டாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிடும். தும்பையில் காய் என்று தனியாக எதுவும் வெளியே தெரியாது, கூட்டுக்குள் நாலு விதை சத்தமில்லாமல் இருக்கும்.

பெருந்தும்பைங்கிறது என்ன? ஒருத்தர் ஒண்ணு காட்டுறார், இன்னொருத்தர் வேற காட்டுறார்.

இரண்டு பேரும் சரிதான், அதுதான் சிக்கல். ஒரே பெயரை இரண்டு செடிக்குச் சொல்கிறோம்.

ஒன்று, நிஜமாகவே தும்பையின் பங்காளி: லூக்காஸ் செபலோட்டஸ். பூப்பந்து பெரிதாக, உச்சியில், இலை மாதிரி அகலமான செதில்கள் சுற்றி அடுக்கியிருக்கும். சாதாரணத் தும்பையின் ஊசிச் செதிலோடு ஒப்பிட்டால் குழப்பமே வராது. தெலுங்குக்காரர்கள் விநாயக சதுர்த்திக்குச் சமைக்கும் தும்மிக் கீரை இதுதான்.

இன்னொன்று பேய்மிரட்டி. மருந்துச் செடி ஆட்கள் இதையும் பெருந்தும்பை என்பார்கள். இதுவும் புதினா குடும்பம்தான், ஆனால் தும்பை இனமில்லை. ஆள் இடுப்புக்கு மேல் வளரும், இலை கம்பளி மாதிரி தடிப்பு, பூ ஊதா. பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் போட்டு விளக்கேற்றுவார்களே, அந்தச் செடி. பூ நிறத்தைப் பார்த்தாலே போதும், இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

கவிழ்தும்பை, காசித்தும்பை?

பெயரில் மட்டும்தான் தும்பை. கவிழ்தும்பையின் பூ வெளிர்நீலம், தலைகுனிந்து தரையைப் பார்க்கும், ஐந்து இதழும் சமம், உதடு இல்லை. காசித்தும்பை தோட்டத்தில் வளர்க்கும் பால்சம், முற்றிய காயைத் தொட்டால் வெடிக்குமே, அது. இரண்டுக்கும் புதினா குடும்பத்தோடு சம்பந்தமில்லை.

ரோட்டோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிக்குதே, தொட்டா கை எல்லாம் மணக்குது. அது காட்டுத்தும்பையா?

நீலம் கலந்த ஊதாப் பூவாக இருந்து, விதையைத் தண்ணீரில் போட்டால் சப்ஜா மாதிரி வழுவழுவென்று ஊதினால், அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் மலையடிவாரத்தைப் பிடித்துக்கொண்ட செடி. சிலர் காட்டுத்துளசி என்கிறார்கள். குடும்பம் புதினாதான், ஊர்தான் நம்மூர் இல்லை. தண்டில் இடைவெளி விட்டு முள்பந்துகள் கோத்த மாதிரி, அதில் ஆரஞ்சுப் பூ என்றால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் தும்பை இந்த மண்ணின் செடி, இத்தனை உயரமும் வளராது.

ஓணத்துக்கு எந்தத் தும்பை வேணும், அண்ணாச்சி? தும்பப்பூன்னு கேக்குறாங்க.

மலையாளத்தில் தும்ப என்பதும் நம் தும்பையும் ஒன்றே. ஓணக் கொண்டாட்டம் ஆரம்பிக்கும் அத்தம் நாளில், பூக்களம் என்கிற பூக்கோலம் தொடங்கும்போது தும்பைக்குத்தான் முதல் மரியாதை. ஓணத்தில் வணங்கும் வாமனரான திருக்காக்கரையப்பனுக்குக் களிமண் உருவம் வைக்கும் வீடுகளில் பூவை உதிர்க்காமல் பந்தோடு கிள்ளி, தும்பக்குடம் என்று சூட்டுவார்கள். அதனால் கேட்கிறவரிடம் உதிரிப்பூ வேண்டுமா, குடம் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உதிரிப்பூ என்றால் ஒரு கைப்பிடி சேர்க்கவே இடுப்பு ஒடிந்துவிடும், மேலே சொன்ன ஒரு செ.மீ. கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பறித்தது மதியத்துக்குள் துவண்டும் போகும்.

தோவாளைச் சந்தையிலிருந்து வண்டி வண்டியாகப் போகும் செண்டுமல்லி வேறு கதை. அதை விதைத்து அறுவடை செய்கிறார்கள். தும்பையை வரப்பில்தான் பொறுக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த வரப்பில் அதுவும் இல்லை.

மொபைல் ஆப்ல படம் போட்டா ஒவ்வொரு தடவையும் வேற பேர் வருதே?

பூவை மட்டும் மேலிருந்து எடுத்திருப்பீர்கள். லூக்காஸ் இனங்கள் உலகில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. வெள்ளைக் குல்லா, மூன்று மடல் என்று பூ எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அச்சு. பாவம், ஆப் என்ன செய்யும்?

எனக்கு அனுப்பும்போது நாலு படம் அனுப்புங்கள். முழுச் செடி, பக்கத்தில் பேனாவோ செருப்போ வைத்து. ஒரு கணுவும் அதன் இரண்டு இலையும். பூப்பந்து பக்கவாட்டில், செதில் தெரிய. கடைசியாகப் பூவைக் கழற்றிய வெறும் கூடு, நகத்தின் மேல் வைத்து. இந்த நாலாவது படம் இல்லாமல் வருவதற்கு நான் இப்போதெல்லாம் பதிலே போடுவதில்லை.

எங்க தோப்புல தரையில படர்ந்து ரெண்டு ரெண்டு பூவா வருது. பூ தும்பை மாதிரியேதான் இருக்கு. நோய் வந்த தும்பையா?

நோயில்லை, இன்னொரு இனம். லூக்காஸ் பைஃப்ளோரா, அதாவது இருபூத் தும்பை. தண்டு கொடி போல் தரையில் ஓடும், இலை சின்னது, அகன்றது, விளிம்பில் நல்ல பல்வெட்டு. பந்து கட்டாமல் இலைக்கக்கத்தில் ஒன்றிரண்டாகப் பூக்கும். அசல் தும்பைதான், வரப்பில் நிற்கும் தும்பை இல்லை.

பங்குனி வெயில்ல எல்லாம் காஞ்சு போச்சு. பூவும் இல்ல, இலையும் இல்ல. அப்பவும் கண்டுபிடிக்கலாமா?

இன்னும் சுலபம். காய்ந்த குச்சியில் பழுப்புப் பந்துகள் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு பந்தை உள்ளங்கையில் கசக்குங்கள். சாய்ந்த வாயுள்ள கூடுகள் உதிரும். ஒரு கூட்டைக் கிழித்தால் வழவழப்பான பழுப்பு விதைகள், இரண்டரை மி.மீ. இருக்கும். நாலும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வாய் திறந்த கூடு, ஒன்றிரண்டு முன்பே விழுந்திருக்கும்.

சங்க காலத்துல போருக்குச் சூடின தும்பை இந்தச் செடிதானா? இவ்வளவு குட்டிப் பூவை எப்படிச் சூடினாங்க?

தும்பைத் திணை என்பது இரு படையும் நேருக்கு நேர் மோதும் போர். அந்தப் பூ இதுதான் என்று பொதுவாக எல்லோரும் கொள்கிறார்கள், நானும் அப்படித்தான். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் தும்பையும் துழாயும், அதாவது துளசியும், அடுத்தடுத்து வருகின்றன. புதினா குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். சூடுவது எப்படி என்றால், தும்பக்குடம் போல் பந்தோடு கிள்ளினால் தொடுக்க வசதியாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை செய்து பார்த்தேன்.

"தும்பை விட்டு வாலைப் பிடிச்ச மாதிரி"ங்கிறதும் இந்தத் தும்பைதானா?

அது தும்பு. மாட்டைக் கட்டும் கயிறு. கயிற்றை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பது. "தும்பைப்பூ மாதிரி வேட்டி" என்பதுதான் நம் செடி.

தும்பைச்சாறு பாம்புக்கடிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

இந்தக் குறிப்பு செடியை அடையாளம் காண்பதற்கு மட்டும். சளிக்குச் சாறு, துவையல் என்று வீடுகளில் பழக்கம் உண்டு, அது அவரவர் வீட்டு வழக்கம். பாம்பு கடித்தால் செடி தேடிப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்க நர்சரில தும்பைக் கன்று கிடைக்குமா?

கிடைக்காது. பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடிவிடுகிறது, நாலைந்து தடவை முயன்று விட்டுவிட்டேன். பங்குனியில் வந்தால் காய்ந்த பந்து ஒரு கவர் தருகிறேன், காசு வேண்டாம். வெயில் படும் மூலையில் கசக்கித் தூவிவிட்டு, சாரல் வரும்வரை அங்கே கொத்தாமல் இருந்தால் போதும்.